தலைக்கவசத்தில் ஒரு மஞ்சள் பட்டை

தப்பு என்னுடையது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அப்புறம் யாரும் எனக்கு நேராக விரலை நீட்ட வேண்டியதில்லை.

ஓலாவா சேவல்கள் என்பது எங்கள் ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணி. அதற்கு நான் மேலாளர். பகல் முழுக்க ரயில் நிலைய டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து ஜனங்களோடு மல்லுக்கட்டுகிறேன், சாயங்காலம் நாற்பத்தைந்து தடியன்களோடு மல்லுக்கட்டுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். சட்டை துவைக்க, பஸ் பிடிக்க, ஆம்புலன்ஸ் சொல்லிவைக்க, படிவம் நிரப்ப, எல்லாவற்றுக்கும் இந்தப் போக்னா அத்தைதான். பதினோரு வருஷமாக இப்படி. இந்த வசந்தத்தில்தான் முதல் தடவையாக ஐரோப்பியக் கோப்பையில் ஆடத் தகுதி பெற்றோம். இருப்பதிலேயே சின்னக் கோப்பை. இருந்தால் என்ன, ஐரோப்பா ஐரோப்பாதானே!

ஐரோப்பா என்றால் காகிதம். எங்கள் ஒரே ஒரு ஆட்டத்துக்கு நடுவர்கள் ஏழு பேர் மூன்று நாடுகளிலிருந்து வருவார்கள். மேற்பார்வையாளர் நான்காவது நாட்டிலிருந்து. விதிப்புத்தகம் கடல் தாண்டி அமெரிக்காவிலிருந்து. இத்தனையையும் கட்டி மேய்க்கிற தலைமைக் குழு, ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் இரண்டு பக்கப் படிவம் கேட்டது. அதில் பதினான்காவது கேள்வி, "இந்த விளையாட்டை எங்கே கற்றார்?"

எங்கள் ஊர்ப் பயல்களுக்கெல்லாம் "ஓலாவா, வாய்க்கால் பக்கத்து மைதானம்" என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். கோர்னெலின் படிவம் வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சிகாகோ. பள்ளிக்கூட அணியில் நான்கு ஆண்டுகள்" என்று எழுதி, அவன் அந்தப் பள்ளிச் சட்டையில் நிற்கிற படத்தையும் சேர்த்து அனுப்பினேன். எங்களிடமும் அசல் சரக்கு இருக்கிறது என்று காட்டுகிற ஆசை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கோர்னெல், வயது இருபத்தேழு, அமெரிக்க வகுப்பு ஆட்டக்காரர். கீழே முத்திரை.

அமெரிக்க வகுப்பு என்றால், ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் களத்தில் இரண்டு பேருக்குமேல் நிற்கக் கூடாது. நடுவருக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காக, தலைக்கவசத்தில் நெற்றியிலிருந்து பிடரிவரை மஞ்சள் பட்டை ஒட்டிவிடுவார்கள். எங்களிடம் ஏற்கெனவே இரண்டு அசல் அமெரிக்கர்கள் இருந்தார்கள். பந்தை எறிகிற ட்ரெவர், பந்தோடு ஓடுகிற லான்ஸ். எறிகிற பந்தைப் பிடிப்பவன் கோர்னெல். எங்கள் ஊரில் பிறந்தவன், எங்கள் நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவன், உள்ளூர் லீக்கில் மூவரும் சேர்ந்தேதான் ஆடுவார்கள். இனி ஐரோப்பியக் கோப்பையில் கோர்னெல் உள்ளே போனால் லான்ஸ் வெளியே உட்கார வேண்டும். லான்ஸ் போனால் கோர்னெல் உட்கார வேண்டும்.

பயிற்சியாளர் லெஷெக்குக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அதனால் எப்போதும் பிரேக்கை மிதிக்கிற முகத்தோடுதான் இருப்பார். அன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

"ஏம்மா போக்னா, உங்கள யாரு கேட்டா? எல்லாருக்கும் எழுதின மாதிரி ஓலாவான்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே!"

"படிவத்துல பொய் எழுதச் சொல்றீங்களா?"

"பொய் எழுதச் சொல்லல. பெருமைய எழுதாதீங்கன்னு சொல்றேன்."

முத்திரை போட்ட அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டேன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அந்த விதியே நான் கைதூக்கிப் போட்ட விதி. நான்கு வருஷத்துக்கு முன்னால் வியன்னாவில் ஒரு ஹோட்டல் கூடத்தில் ஐரோப்பியப் பொதுக்குழு கூடியபோது, எங்கள் நாட்டிலிருந்து போன மூன்று பேரில் நானும் ஒருத்தி. நாட்டுக்கு ஓர் ஓட்டு, அதற்கு ஓர் அட்டை. பணக்கார அணிகள் அமெரிக்காவிலிருந்து பையன்களைக் கூட்டம் கூட்டமாக இறக்கினால் நம் பிள்ளைகள் தண்ணீர் பாட்டில்தான் தூக்க வேண்டியிருக்கும் என்று நானே மைக்கைப் பிடித்துப் பேசினேன். கைதட்டல்கூட விழுந்தது. அட்டையைத் தூக்கிப் பிடித்த கையும் என்னுடையதுதான். இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல விதிதான். அது என் அணிப் பையனையே வந்து பிடிக்கும் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். வியாழக்கிழமை, ஜன்னலுக்கு வெளியே வரிசை நிற்க நிற்க, அமெரிக்க வகுப்பு என்றால் யார் என்று அந்த விதியை வரிவரியாகப் படித்தேன். "அந்த நாட்டின் பாஸ்போர்ட் உள்ளவர், அல்லது அந்த நாட்டில் சட்டப்படி குடியிருந்து மூன்று பருவங்கள் ஆடியவர்." சட்டப்படி! எனக்கு நினைவு வந்துவிட்டது. வியன்னாக் கூட்டத்துக்குத் தெற்கே எங்கிருந்தோ வந்த ஒரு வக்கீல், எந்த வாக்கியத்தைக் காட்டினாலும் அதில் "சட்டப்படி" என்று ஒன்றைச் செருகாமல் விடமாட்டார். சாப்பாட்டு இடைவேளை எத்தனை மணிக்கு என்பதில்கூடச் செருகினார். நாங்களெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தோம்.

கோர்னெலின் அம்மா ஹலீனா என்னோடு படித்தவள். பையனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அவனைக் கூட்டிக்கொண்டு இரண்டு வாரம் சுற்றிப்பார்க்க சிகாகோ போனவள், திரும்பவே இல்லை. பையன் மட்டும் பத்தொன்பது வயதில் திரும்பி வந்தான். அங்கே எல்லாம் இருந்தது, சொந்த ஊர் ஏக்கத்தில் வந்துவிட்டேன் என்பான். பயல்கள் அவனை யாங்கி, அதாவது அமெரிக்கக்காரன், என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். படிவத்தில், விபத்து நேர்ந்தால் யாரைக் கூப்பிடுவது என்கிற கட்டத்தில் ஹலீனாவின் எண்ணை எழுதியிருந்தான். கூப்பிட்டேன்.

"யாரு?"

"நான்தாண்டி, போக்னா. மூணாம் பெஞ்சு."

"அடிப்பாவி! பையனுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல, கல்லு மாதிரி இருக்கான். ஒரே ஒரு விஷயம் கேக்கணும். நீங்க ரெண்டு பேரும் அங்க சட்டப்படி இருந்தீங்களா?"

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு வார விசாவுல வந்தவடி நான். பதினேழு வருஷமாச்சு" என்றாள் ஹலீனா. "அவன் தானா திரும்பி வரல போக்னா. கார்ல பின் விளக்கு எரியலன்னு போலீஸ் நிறுத்தியிருக்கு. காகிதம் கேட்டிருக்காங்க. நாப்பது நாள் அடைச்சு வெச்சு, விமானத்துல ஏத்திட்டாங்க. ஊர்ல போயி ஏக்கத்துல வந்தேன்னு சொல்லுன்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"நீயாவது கிளம்பி வந்திருக்கலாமேடி."

"வந்தா, மறுபடி இங்க நுழைய எனக்குப் பத்து வருஷம் கதவு மூடிடும். அவனுக்கும் பத்து வருஷம்தான், அதுல எட்டு போயிடுச்சு. இன்னும் ரெண்டு. அவன் வரும்போது வீடுன்னு ஒண்ணு இங்க இருக்க வேணாமா?"

அங்கே சட்டப்படி இருந்ததில்லை என்று காட்டினால் அவன் அமெரிக்க வகுப்பில் வரமாட்டான் என்று நான் விதியை விளக்கினேன். அடுத்த நிமிஷமே காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். நாட்டைவிட்டு வெளியேற்றும் ஆணை. இந்த நாட்டில் வசிக்கும் உரிமை எந்தக் காலத்திலும் இல்லாதவர் என்று அதில் கோர்னெலின் பெயருக்குக் கீழே எழுதியிருந்தது.

"காட்டுடி. என் புள்ள முழு ஆட்டம் ஆடட்டும். ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூடப் போகாம போன்ல பார்க்கப்போறேன்" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது. லெஷெக்கிடம் மட்டும், "ஒரு வழி இருக்கும்போல, பொறுங்க" என்று சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை கிடங்கில் வேலை முடிந்து கோர்னெல் என் ஜன்னலுக்கு வந்தான். போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. "எங்கேருந்து கிடைச்சுது?"

"உங்கம்மாதான் குடுத்தா. இதைக் காட்டினா பட்டை கிட்டை எதுவும் வேண்டாம். நீ எங்க ஆளு. முழு ஆட்டமும் ஆடலாம்."

"வேண்டாம் அத்தை."

"பசங்க சிரிப்பாங்கன்னு பாக்குறியா? எவன் பல்லைக் காட்டுறான்னு நான் பாத்துக்கறேன்."

"அதில்ல."

அவனுக்குப் பின்னால் நின்ற ஆள் எட்டிப் பார்த்தார். "அம்மா, விரோத்ஸ்வாஃபுக்கு ஒண்ணு."

"ஒரு நிமிஷம் பொறுங்க சார், ரயில் உங்களைக் கேக்காம ஓடிடாது" என்று அதட்டிவிட்டு, "எதில்லடா? சொல்லு" என்றேன்.

கோர்னெல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "பள்ளிக்கூட அணி கனடாவுல போய் ஆடினாங்க. எல்லை தாண்டணும். நான் காய்ச்சல்னு சொல்லிப் படுத்துட்டேன். அப்புறம் ஒரு பெரிய கல்லூரி, எங்க அணிக்கு வா, படிப்பு இலவசம்னு கடிதம் போட்டாங்க. படிவம் முழுக்க நிரப்பினேன் அத்தை. ஒரே ஒரு கட்டம். குடிமக்களுக்கு ஒரு எண் குடுப்பாங்களே, அதை எழுதுற கட்டம். அது மட்டும் காலியா இருந்துச்சு. அதைத் திருப்பி அனுப்பவே இல்ல."

ஜன்னல் கம்பியை விடாமல் அவனே தொடர்ந்தான்.

"எட்டு வருஷம் தினம் காலைல வகுப்புல நெஞ்சுல கை வெச்சு அவங்க கொடிக்கு முன்னாடி நின்னிருக்கேன். அங்க ஒருத்தரும் என்னை அமெரிக்கக்காரன்னு எழுதிக் குடுத்ததில்ல. முதமுதலா ஒரு காகிதம் அப்படிச் சொல்லுது. முத்திரையோட. பட்டையை ஒட்டுங்க அத்தை."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடா? இங்க பொறந்தவன் நீ. உன்னைத் தூக்கிப் போட்டவன் ஊரு பேரைத் தலையில ஒட்டிக்கணுமா? பதினோரு வருஷமா நான் இந்த ஒரு ஆட்டத்துக்காகச் சாகறேன், தெரியுமா?"

"தெரியும்."

"காகிதம் என் கையில இருக்கு. நான் என்ன செய்யணுமோ அதைச் செய்வேன்."

"அதுவும் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். விரோத்ஸ்வாஃப்காரருக்கு நான் தப்பான டிக்கெட்டைக் கொடுத்திருந்தேன். அவர் திரும்பி வந்து கத்தினார். நானும் கத்தினேன்.

இரண்டு நாள் யோசித்தேன். அவனுக்கு நல்லது எது என்று எனக்குத் தெரியாதா, சின்னப் பையன் ரோஷத்தில் பேசுகிறான், களத்தில் இறங்கிப் பந்தைப் பிடித்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்தேழு வயது ஆளைச் சின்னப் பையன் ஆக்கிக்கொண்டால் நம் வேலை சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அடையாளச் சோதனை. எந்த நாட்டில் ஆடினாலும் இது ஒரே மாதிரிதான். ஆட்டக்காரர்கள் எண் வரிசைப்படி நிற்க வேண்டும், இடது கையில் தலைக்கவசம், வலது கையில் பாஸ்போர்ட். மேற்பார்வையாளர் ஒவ்வொருவராக முகத்தையும் பாஸ்போர்ட் படத்தையும் ஒத்துப்பார்ப்பார். வந்திருந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த போடில் என்கிற அம்மாள். அறுபது வயது இருக்கும், உயரம், ரொம்ப மெதுவான பேச்சு. கையில் மஞ்சள் பட்டைச் சுருள். வெளியே ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். சாஸேஜ் வாட்டுகிற புகை உள்ளேவரை வந்தது. பாதி ஊர் வந்திருந்தது. எதிரணி ஆஸ்திரியாவில் ஒரு மலை ஊர்க்காரர்கள், பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே பாட்டு.

ட்ரெவருக்கு ஒட்டினார். லான்ஸுக்கு ஒட்டினார். எண்பத்தெட்டாம் எண், கோர்னெல். போடில் படிவத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இவர் உங்க நாட்டுக் குடிமகன். ஆனா அமெரிக்க வகுப்புன்னு இருக்கு. ஆட்சேபம் ஏதாவது உண்டா? இருந்தா இப்பவே காட்டிடுங்க. ஆட்டம் தொடங்கிட்டா என்னால மாத்த முடியாது."

லெஷெக் என் காதில் கிசுகிசுத்தார். "வழி இருக்குன்னீங்களே, எடுங்க, எடுங்க!"

போன் என் கையில் இருந்தது. படம் திறந்தே இருந்தது. நீட்டினால் போதும். கோர்னெல் என்னைப் பார்ப்பான், கண்ணால் கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தேன், கெஞ்சினால் கோபப்பட்டுக்கொண்டே காட்டிவிடலாம் என்றுகூட இருந்தேன். படுபாவி என்னைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாள் கையில் இருந்த மஞ்சள் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தில் மோதிரத்தை எடுக்கும்போது பெண் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"ஆட்சேபம் இல்லை" என்றேன்.

போடில் பட்டையைக் கிழித்து, "கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்று அவனிடம் சொல்லி, நெற்றியிலிருந்து பிடரிவரை ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் கட்டைவிரலால் நீவிவிட்டார். "ரொம்ப நன்றி அம்மா" என்று சொன்னபோது அவன் குரல் உடைந்தது. ட்ரெவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவன்பாட்டுக்குக் கோர்னெலின் முதுகில் ஓங்கித் தட்டி, "நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் கூடிட்டான்டா!" என்று கூவினான்.

ஆட்டத்தைப் பற்றி நீட்ட எனக்கு மனமில்லை. எறிய ட்ரெவர் வேண்டும், அவனை எடுக்க முடியாது. ஓடவும் ஆள் வேண்டும். அதனால் லெஷெக் கோர்னெலைப் பதினோரு தடவைதான் உள்ளே அனுப்பினார். அந்தப் பதினொன்றில் நான்கு பந்தைப் பிடித்தான். ஒன்றை இரண்டு ஆஸ்திரியர்களைத் தோளில் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டி எடுத்துப்போனான். மற்ற நேரமெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை. கடைசி நிமிஷத்தில் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். ட்ரெவர் எறிந்த பந்து அழகாகத்தான் போனது. களத்தில் லான்ஸ் இருந்ததால், பிடிக்க நின்றவன் மாற்றாள் ராடெக். அவன் விரலில் பட்டுத் தெறித்துக் கீழே விழுந்தது. இருபத்துநான்கு, இருபது. ராடெக் புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவன் மேல் தப்பில்லை. அங்கே நின்றிருக்க வேண்டியவன் யார் என்று எனக்குத் தெரியும்.

லெஷெக் தொப்பியைக் கசக்கிக்கொண்டு வந்தார். "உண்மையைச் சொல்லுங்க போக்னா. வழி இருந்துச்சா, இல்லையா?"

"இல்ல லெஷெக். நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."

படிவத்தில் பொய் எழுதமாட்டேன் என்று வீறாப்புப் பேசியவள் பதினோரு வருஷம் கூடவே உழைத்த மனிதரிடம் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னேன். இன்னும் உறுத்துகிறது. கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வேன்.

அப்போது போன் அடித்தது. ஹலீனா. எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, காகிதம் அனுப்பினேனா இல்லையா? என் புள்ளையை இப்படி உட்கார வெச்சுட்டியே! பதினோரு தடவைடி! எண்ணிப் பார்த்தேன்! நீயெல்லாம் ஒரு சிநேகிதியா?"

திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். திட்டு வாங்க எனக்கு உரிமை இருந்தது. கோர்னெல் சேறும் வியர்வையுமாக வந்து என் கையிலிருந்து போனை வாங்கினான். திரையில் ஹலீனா, அடுப்படியில், தலைகூட வாரவில்லை.

"அத்தையத் திட்டாதம்மா. இதப் பாரு." தலைக்கவசத்தைத் திரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, பட்டையில் இருந்த சேற்றைச் சட்டைக் கையால் துடைத்தான்.

"என்னடா அது, மஞ்சளா?"

"இது அமெரிக்கக்காரங்களுக்கு மட்டும்தாம்மா ஒட்டுவாங்க. ஐரோப்பா முழுக்க இதான் சட்டம். டென்மார்க்கிலேருந்து ஒரு அம்மா வந்து, அவங்க கையாலயே ஒட்டினாங்க."

நான் திரையை எட்டிப் பார்த்தேன். ஹலீனா பின்னங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அந்தம்மா இன்னும் அங்கதான் இருக்காங்களா? இருந்தா, எனக்கும் ஒரு முழம் வாங்கி வைடா."

நான் போடிலைத் தேடிக்கொண்டு ஓடினேன்.